ரெனிக் சுற்று

கிளைட் ரெனிக்கின் தோளில் முகம் சாய்த்து, காதலில் கிறங்கிப்போனவள் மாதிரி சிரித்தாள் வில்மா காஸ்டெல். பாட்டு முன்பே பதிவாகி ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் வாயசைத்து ஆடினால் போதும். காமிராவுக்கு முதுகு காட்டும் நேரங்களில் என்ன பேசினாலும் படத்தில் விழாது. அந்த வசதியை இருவருமே வீணாக்கவில்லை.

“கால் இன்னும் இழுக்குது போல. ஒமாஹாவிலே ஒடைஞ்ச காலா?” என்றான் கிளைட்.

“அது நல்லாத்தான் இருக்கு. உன் டோப்பாவைப் பாத்துக்கோ. வேர்வையிலே நகருது.”

காமிரா பக்கம் திரும்பியதும் இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள்.

ஒரு காலத்தில் அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கொட்டகைகளில் ஆடிய ஜோடி. ஒமாஹாவில் மேடைப் படியில் வழுக்கி வில்மாவின் கணுக்கால் முறிந்தது. கட்டுப் பிரித்து அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, அவளுடைய பச்சைப் பட்டு உடுப்பை இடுப்பில் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வேறொருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். கிளைட் அந்தப் புதியவளையே ஜோடியாக வைத்துக்கொண்டான். பிறகு ஹாலிவுட்டுக்குப் போனான், பெரிய ஆளானான்.

அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். அவள் கண்டுபிடித்த ஒரு சுற்று இருந்தது. விழப்போகிறவள் மாதிரி பின்னால் சாய்ந்து, தலை தரையைத் தொடும் நேரத்தில் ஒற்றைக் காலில் சுழன்று எழ வேண்டும். டொலீடோவில் ஒரு விடுதிச் சமையலறையில், அடுப்பில் முட்டைக்கோசு கருகுவதுகூடத் தெரியாமல் பழகியது. கிளைட் அதைத் தன்னுடையதாக்கிப் படத்துக்குப் படம் ஆட, இன்று பத்திரிகைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ரெனிக் சுற்று’.

ஸ்டூடியோ இப்போது அவர்களை மறுபடி ஜோடி சேர்த்திருக்கும் இந்தப் படத்திலும் அது உண்டு. பூங்காவில் விளக்குக் கம்பத்தைச் சுற்றி அவன் ஆடுவான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து வாய் பிளந்து பார்க்க வேண்டும்.

“வாயை நல்லாத் திற,” என்றான் கிளைட், அவளைப் பெஞ்சுப் பக்கம் சுழற்றிக்கொண்டே. “இப்படி ஒரு ஆட்டத்தை வாழ்க்கையிலேயே நீ பாத்ததில்ல, தெரியுதா?”

வில்மா உட்காரவில்லை. அவன் கையை உதறிவிட்டுக் கம்பத்தை நோக்கிப் போனாள். பாட்டு அவன் ஆட வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. அவள் சாய்ந்தாள். விளக்குகள் தலைகீழாகப் போயின, கூந்தல் தரையைத் துடைத்தது. முன்பு முறிந்த கணுக்காலின் மேலேயே முழு உடம்பையும் ஏற்றிச் சுழன்று எழுந்தாள். உச்சந்தலை வரை வலித்தது. நிற்காமல் மறுபடி சாய்ந்து மறுபடி எழுந்தாள்.

கிளைட் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

“கட்!” டைரக்டர் ஹூபர்ட் லாஸ்கி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

“இவளைத் துரத்துங்க சார்! வேணும்னே கெடுத்தா!” என்று கத்தினான் கிளைட்.

“கெடுத்தாளா? அந்தப் பார்வை, ரெனிக்! காதல்லே விழுந்தவன் பார்வை! மூணு வாரமா நான் கெஞ்சியும் உங்க மூஞ்சியிலே வராதது. இதுதான் படத்திலே.”

“அது காதல் இல்ல சார், கொலைவெறி.”

“என்ன எழவோ! நல்லா இருந்துது.”

வெளியிடுவதற்கு முன்னால் பாசடீனாவில் ஒரு கொட்டகையில் படத்தை ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தோளில் சாய்ந்து ரகசியம் பேசும் இடங்களில் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். கம்பத்துக் காட்சியில் கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியது. மறுவாரம் ஸ்டூடியோ முதலாளி ஃபால்க் இருவரையும் கூப்பிட்டு, ஜோடியாக இன்னும் ஐந்து படம் என்றார்.

“இவளோடயா? அதுக்கு ஒரு முதலையோட ஆடுவேன்,” என்றான் கிளைட்.

“முதலைக்கு டிக்கெட் விக்காது, ரெனிக். யோசிச்சுட்டு வாங்க.”

வெளியே வராந்தாவில் அவன் அவள் வழியை மறித்தான். குரல் தாழ்ந்திருந்தது. “முடியாதுன்னு நீ சொல்லிடு, வில்மா. என் ஒப்பந்தப்படி நான் மறுக்க முடியாது. பக்கத்து ஸ்டூடியோவிலே உன்னைக் கேக்கறாங்களாமே. போயிடேன். நானும் நிம்மதியா இருப்பேன்.”

பக்கத்து ஸ்டூடியோவில் அவளைக் கேட்டிருந்தது உண்மைதான். நல்ல மனிதர்கள், நல்ல கதை. போய்விடலாமென்று பாதி முடிவோடுதான் இங்கே வந்திருந்தாள்.

“என்ன சொன்னே?”

“நிம்மதியா இருப்பேன்னு.”

வில்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். “அஞ்சுக்கும் சரி, மிஸ்டர் ஃபால்க். ஒரே நிபந்தனை. அந்தச் சுற்றை இனி நான்தான் ஆடுவேன். அவர் உக்காந்து பாக்கட்டும்.”

“எழுதிடலாம்,” என்றார் ஃபால்க்.

ஃபால்க் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தாள். கிளைட்டின் சுருட்டு நாற்றத்தில் இன்னும் எத்தனை வருஷம் முகம் புதைக்க வேண்டும்! வாசலில் நின்ற அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பேனாவை இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதினாள்.