அடுப்பின் இடம்

கோடை மேய்ச்சலுக்குப் புறப்படும் கிர்கிஸ் குடும்பங்களில் அடுப்பைக் கடைசியாக ஏற்றுவதே வழக்கம். அப்போதுதான் அது முதலில் இறங்கும், தேநீரும் உடனே கொதிக்கும். குபாத்தும் இரும்பு அடுப்பை டிரெய்லரின் பின்கோடியில் வைத்தான்.

கணவாயைத் தாண்டி மேகத்தினுள் இறங்குகையில், சிறிய காருக்குப் பின்னால் அவர்களுடைய கம்பளிக் கூடாரத்தைச் சுமந்த டிரெய்லர், உறக்கத்தில் நடப்பவனைப் போல இருபுறமும் அலைந்தது. கவிழ்ந்தால் இந்தக் கோடைக்கு வீடில்லை.

"பிரேக்க மிதிச்சிடாதீங்க. காலை மெல்ல எடுங்க," என்றாள் மனைவி அனிபா.

அலைவு தாலாட்டாகித் தணிந்தது, கார் நின்றது.

"பின்பாரந்தான் ஆட்டுது. அடுப்ப முன்னால தள்ளிக் கட்டுவோம்."

"அப்ப டீ?" என்றான் குபாத்.

"எல்லாத்தையும் இறக்கினப்புறம்தான். தாகமா இருந்தா மேகத்தக் குடிங்க."

அன்று வீடு எழும்பிய பிறகே தேநீர் கொதித்தது.