மரவள்ளி மூடி போட்ட கேன்

எங்கள் புசோகாப் பக்கத்தில் தண்ணீருக்கு மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை, கேன்கள்தான் நிற்கும். விடிந்ததும் மஞ்சள் கேன்களை அடிகுழாயடியில் வைத்துவிட்டுப் பெண்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். குழாய்ப் பூட்டின் சாவி என் இடுப்பில். எது யாருடைய கேன் என்று மூடியைப் பார்த்தே சொல்வேன். மூடி தொலைந்து மரவள்ளித் துண்டைச் செருகியிருப்பது நைகாகாவுடையது.

என் மகளைப் பெண் கேட்டு வந்த நாளில், சம்பந்திகள் காதுபட, "நங்கோபி கிண்டுற களி எப்பவும் அடிப்பிடிச்சதுதான்" என்று சிரித்தவள் அவள். அதை நான் மறப்பேனா? கோடையில் குழாய் இருபது கேனுக்கு மேல் தராது. தினமும் அவள் கேனைக் காலாலேயே நாலு இடம் பின்னால் தள்ளிவிடுவேன். யாரும் கேட்டதில்லை. பின்னால் போனது அவர்கள் கேன் இல்லையே.

அன்று அவள் ஓடிவந்தபோது அவள் கேன் இருபத்திரண்டாவதாக நின்றது.

"அக்கா, மிரெம்பேக்கு நேத்துலேர்ந்து வாந்தியும் பேதியும். ஒரு குவளை குடுங்க, உப்பும் சர்க்கரையும் கரைச்சுக் குடுக்கணும்."

"ஊர்ல உன் பொண்ணுக்கு மட்டுந்தான் வயிறு இருக்கா? வரிசைன்னா வரிசை."

"காலைல பதினெட்டாவதாத்தானே வெச்சேன்."

"அப்போ உன் கேனுக்குக் கால் முளைச்சிருக்கும். அடிப்பிடிச்ச களி கிண்டுற இந்த நங்கோபிக்கு அதெல்லாம் என்னம்மா தெரியும்?"

இருபதாவது கேனுக்குச் சொந்தக்காரி லொகோசே விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். லொகோசேயின் கேன் நிறைந்ததும் குழாய் வெறும் காற்றை விட்டது. நைகாகா தன் கேனை எடுத்துக்கொண்டு, மாடுகள் இறங்கும் சதுப்புத் தண்ணீருக்குப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் மிரெம்பே செத்துப்போனாள். நாலு வயது.

சாவு வீட்டுக் கேன் வரிசையில் நிற்கக் கூடாது என்பது எங்கள் குழாயடிச் சட்டம். நானே போய் அந்த மரவள்ளி மூடிக் கேனை எடுத்துவந்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். தண்ணீர் தடையில்லாமல் கொட்டியது. நானே தலையில் சுமந்துபோய் அவள் வாசலில் இறக்கினேன்.

பாயில் கிடந்த நைகாகா எழுந்து வந்தாள். கேனைச் சரித்து ஒரு குவளை பிடித்தாள். உப்பும் சர்க்கரையும் போட்டு நிதானமாகக் கலக்கி என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க அக்கா. அவளுக்குன்னு வாங்கி வெச்ச சர்க்கரை."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.