மூன்று கியர் போதும்

தம்பி கிளட்சை மிதித்து, "ம்" என்பான். நான் கியரை மாற்றுவேன். இருபத்து மூன்று ஆண்டுகளாக எங்கள் வண்டி இவ்வாறுதான் ஓடியது.

அவன் கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்துப் பழுது நீக்குபவன். ஒருமுறை, மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் மேடை சரிந்து அவனுடைய இடக்கையின்மீது விழுந்தது. கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் போயின. மிஞ்சிய கையால் ஸ்டீயரிங்கை அணைத்துப் பிடிக்க முடியும். கியர்க் கம்பியைப் பற்ற முடியாது. அவன் மனைவி அதற்கு முன்பே பிரிந்து போயிருந்தாள், எனக்கு மணமாகவில்லை. அவன் மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாதமே நான் என் அலுவலக வேலையை விட்டுவிட்டு, வண்டியின் இடப்பக்க இருக்கையில் அமர்ந்தேன்.

வண்டி எங்கள் தந்தை வாங்கியது. இரண்டே கதவுகள், நீண்ட முன்பக்கம், ஆறு சிலிண்டர் எஞ்சின். தெருவில் நிறுத்தினால் முன்பின் அறியாதவர்கள்கூட அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதன் பின்பெட்டியில் பதினோர் எடைக்கற்கள் இருக்கும். ஒவ்வொன்றும் இருபது கிலோ. அவற்றைத் தாங்குவதற்காக அடித்தட்டுக்கு இரும்புப் பட்டை அடித்திருந்தோம். கடைக்காரர்கள் எங்களைத் தராசு அக்கா, தராசு தம்பி என்று அழைத்தார்கள்.

"ரெண்டு கை தட்டினாத்தான் ஓசைன்னு சொல்லுவாங்க. எங்க வண்டிக்கு மூணு கை" என்று, சிரிக்க ஆள் கிடைத்த இடத்திலெல்லாம் தம்பி சொல்வான்.

மழைக்காலத்தின் இறுதியில் மருத்துவர் என்னுடைய ஸ்கேன் படங்களை விளக்கின்முன் மாட்டினார். கணையத்தில் இருந்த கட்டியைப் பேனா முனையால் சுற்றிக் காட்டினார். ஆறு மாதம், நன்றாக இருந்தால் எட்டு என்றார். மருந்துச் சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் தம்பி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?"

"வாயு" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே வண்டியை மூடிப் போட்டுவிட்டு என் கட்டிலருகே உட்கார்ந்துவிடுவான். நான் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருப்பான். அவன் தனியாக வண்டி ஓட்டுவதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றே எனக்கு இருந்த ஆசை. மறுநாள் மெக்கானிக்கைத் தேடிப் போனேன்.

மெக்கானிக்கின் பட்டப்பெயர் பொறுமை. சொன்ன தேதியில் எந்த வண்டியையும் கொடுத்தவனில்லை. பொறுமை நமக்குத்தான் வேண்டும் என்பதால் தம்பி வைத்த பெயர் அது. பட்டறையில் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தவன், தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"தானா கியர் மாறுற ஆட்டோமேட்டிக்கா? அந்த வண்டிக்கா? வேற வண்டி வாங்கிட்டுப் போங்களேன் அக்கா."

"வேற வண்டியில அவன் ஏறமாட்டான். ஏறினாலும் அந்தக் கல்லையெல்லாம் அது தாங்காது. என்னென்ன இருக்கு? வரிசையாச் சொல்லு."

எழுந்து வந்து, துணியில் கையைத் துடைத்தான். "ஒண்ணு, கம்ப்யூட்டர் வச்ச கியர் பெட்டி. ஆறு கியர். வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரிப் போகும். ரெண்டாவது, நாலு கியர். பெரிய ரோட்டுல எஞ்சின் சத்தமே தெரியாது, பெட்ரோலும் மிச்சம். ஆனா ஆள் கொஞ்சம் பருமன். வண்டித் தரையை வெட்டி அகலமாக்கணும். மூணாவது பழைய மூணு கியர் பெட்டி. வெட்டவே வேண்டாம், கச்சிதமா உக்காரும். பெரிய ரோட்டுலதான் கத்திக்கிட்டே போகும்."

"எது நடுவழியில நிக்காது?"

"எல்லாமே ஒருநாள் நிக்கும். எது எப்படி நிக்கும்னு கேளுங்க."

"சரி, எப்படி நிக்கும்?"

"கம்ப்யூட்டர் பெட்டி சொல்லாமக் கொள்ளாம நிக்கும். ஒரு ஒயர் கழண்டாப் போதும். அதைப் படிக்கிற ஆளைத் தேடணும். மூணு கியர் அப்படி இல்ல. ஒரு மாசம் முன்னாடியே முனகும், ஆயில் கறுக்கும். காது உள்ளவனுக்குத் தெரிஞ்சுபோகும். எந்தப் பட்டறையிலும் பிரிச்சு மாட்டிடுவான்."

"அவனுக்குக் காது உண்டு. மூணு கியரே போடு. கம்பி கீழ வேண்டாம்; ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துல, வலது கைக்கு எட்டுற மாதிரி வை."

"நல்லா யோசிச்சுக்குங்க. நாலு கியர்னா பெரிய ரோட்டுல ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போகலாம். இதுல பேச்சே காதுல விழாது."

"பேச்சு வேண்டியதில்ல. ஆயில் அளவு பாக்குற கம்பி எங்க வரும்? ஒரு கையால உருவ முடியுமா? மூடி திருகுற மாதிரியா, அழுத்துற மாதிரியா?"

"ஒரு கையால எதுக்கு? நீங்கதான் பக்கத்துலயே இருப்பீங்களே."

சுவரில் அளவு வரிசைப்படி மாட்டியிருந்த ஸ்பானர் சாவிகளில் பதினான்காம் எண்ணும் பதினைந்தாம் எண்ணும் இடம் மாறியிருந்தன. அருகே சென்று சரியாக மாட்டினேன். திரும்பியபோது பொறுமை துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"தம்பிக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது. நீயும் சொல்லக் கூடாது."

"எத்தனை மாசம்?"

"உன்னோட தேதியெல்லாம் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. சொன்ன நாள்ல முடிச்சுக் கொடு."

"பத்து நாள்" என்றான். "கியர்க் கம்பி எடுத்த ஓட்டையை என்ன பண்ண?"

"தகடு வச்சு மூடிடு."

தம்பியைச் சம்மதிக்க வைப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. கியர் போட்டுப் போட்டுத் தோள் வலிக்கிறது என்றேன்.

"களிம்பு தடவினாப் போச்சு. அதுக்காக அப்பா வாங்கின பெட்டியக் கழட்டிப் போடணுமா?"

"என்னால முடியலடா."

"என்கூட வர அலுத்துப்போச்சுன்னு நேராச் சொல்லேன்."

அவன் கோபத்தில் நீட்டிய கயிறுதான் அது. எனக்கு வேறு பிடி இல்லை.

"ஆமா. அலுத்துத்தான் போச்சு" என்றேன்.

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். மறுநாள் வண்டியைப் பட்டறையில் விட்டுவந்தோம். அன்றும் அவன் "ம்" என்றான், நானும் மாற்றினேன். அதன்பின் பத்து நாளும் அவன் என்னிடம் பேசவில்லை. நான் களிம்பு மணக்கத் தோளில் தடவிக்கொண்டு, வலிக்காத கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

பதினோராம் நாள் காலையில் வண்டி பட்டறை வாசலில் தயாராக நின்றது. பொறுமை எடைக்கற்களைக்கூடத் தானே ஏற்றி வைத்திருந்தான். தம்பி வண்டியைப் பார்த்தான், பொறுமையைப் பார்த்தான்.

"என்னய்யா இது, சொன்ன நாள்ல முடிச்சிருக்கே? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?"

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் பொறுமை, அன்று தரையைப் பார்த்தான். "இடது காலை மடக்கி வச்சுக்குங்க. கிளட்ச்னு நினைச்சுப் பிரேக்கை மிதிச்சீங்கன்னா, அத்தனை கல்லும் முதுகுல வந்து உக்காந்துக்கும்" என்று மட்டும் சொன்னான்.

தம்பி உள்ளே அமர்ந்தான். நான் இடப்பக்கக் கதவைத் திறக்கவில்லை.

"நீ மட்டும் ஒரு சுத்துப் போய்ட்டு வா. நான் இங்க நிக்கிறேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வலக்கையால் புதிய கம்பியை இழுத்தான். வண்டி தெருமுனை வரையில் சென்று, அங்கே ஒருமுறை வெட்டி நின்றது. கற்கள் மோதும் ஓசை பட்டறைவரை கேட்டது. மீண்டும் கிளம்பி, வளைவில் திரும்பி, மறைந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளில் எங்கள் வண்டி செல்வதை நான் வெளியே நின்று பார்த்ததேயில்லை. பின்விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தது. பொறுமையிடம் அதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினானேயன்றி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். அவன் வர இருபது நிமிடமாயிற்று. வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"தோள் வலிக்கிறவ பக்கத்துல சும்மா உக்காந்து வரலாம். ஏன் தனியா அனுப்பினே?"

நான் முந்தானையால் கதவின் விளிம்பைத் துடைத்தேன்.

"இவன் ஏன் சொன்ன நாள்ல முடிச்சான்?"

பொறுமை பட்டறைக்குள் போய்விட்டான்.

"அக்கா. அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னார்?"

அளவுகளோடு வாழ்ந்தவனிடம் குறைத்துச் சொல்வது முறையன்று. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எத்தனை மாதம் என்று வரிசையாகச் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய கையை ஸ்டீயரிங்கின்மேல் வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. தெருவில் போனவர்கள், வண்டியின் அழகைப் பார்க்க நின்றவர்கள், பார்வையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

"அலுத்துப்போச்சுன்னு சொன்னியே" என்றான் கடைசியில், முகத்தைத் தூக்காமல்.

"வேற எப்படிச் சொன்னா நீ பெட்டியக் கழட்ட விட்டிருப்பே?"

"பாவி" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏறு" என்றான்.

ஏறினேன். உப்புக்குச் சப்பாணி போல, செய்ய ஒன்றுமின்றி, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்புவதற்குப் பதிலாக அவன் பெரிய சாலையின் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

வேகம் கூடியது. எந்த வேகத்தில் நாங்கள் இரண்டாம் கியருக்கு மாறுவோமோ அந்த வேகத்தில், "ம்" என்றான். வாய்ப்பழக்கம்தான். வண்டி தானாகவே மாறிற்று. என் கை மடியிலிருந்து எழுந்து, கம்பி இருந்த இடத்தில் பதித்திருந்த தகட்டின்மேல் படிந்திருந்தது. அடியில் பெட்டி ஓடும் சூட்டில் தகடு வெதுவெதுப்பாக இருந்தது.

"ம்" என்றான். மூன்றாம் கியரும் தானாக விழுந்தது.

நேர்ச் சாலை வந்தது. எஞ்சின், பொறுமை எச்சரித்தவாறே, பேச்சுக்கு இடம் தராமல் கத்தத் தொடங்கியது. தம்பி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் வாய் அசைவதைப் பார்த்தேன். ஓசை கேட்கவில்லை, ஆனால் அது எந்தச் சொல் என்பது எனக்குத் தெரியும். பழைய பெட்டியில் இருந்த நான்காம் கியருக்கான "ம்."

புதிய பெட்டியில் நான்காவது இல்லை. வண்டியில் எதுவும் மாறவில்லை. நான் வழுவழுப்பான தகட்டின்மேல் கையை வைத்து, வழக்கமான தூரம் பின்னோக்கி இழுத்தேன்.