செருப்பில்லாமல் பார்த்த படம்

எங்கள் தீவில், ரோஸ் ஹில் ஊர்க் கொட்டகைக்குத் தமிழ்ப் படம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் நாங்கள் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழி. தமிழைக் கோயிலில்தான் கேட்டிருக்கிறேன். அதனால் நாயகி வாய் திறந்ததுமே, என்னையறியாமல் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன். பக்கத்தில் இருந்த தோழி ஜோஸ்லீன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு தனியாகவே போனேன். நான் தையல்காரி. நாயகி கட்டிய பதினான்கு புடவைகளின் கரைகளையும் நோட்டில் வரைந்தேன். கறுப்பு வெள்ளைப் படம்தான். நிறங்களைக் கனவில் பார்த்துக்கொண்டேன். பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதினேன். பாதிக்கு அர்த்தம் தெரியாது. தையல் மிஷின் ஓடும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் அவள் நடந்து போவாள்.

“திரும்பவும் போனியா?” என்று ஜோஸ்லீன் கேட்பாள். வெட்கத்தில், “இல்லை” என்பேன்.

ஏழாவது தடவை, படம் முடிந்து விளக்கு எரிந்ததும் செருப்பைத் தேடிக் குனிந்தேன். எனக்கு முன்னால் இருந்த நாற்காலிக்கு அடியிலும் ஒரு ஜோடி கிடந்தது. நிமிர்ந்தால், முக்காட்டுக்குள் ஜோஸ்லீன்.

“எத்தனாவது தடவை?” என்றேன் கோபமாக.

“ஒன்பது” என்றாள்.

மாதா கோயிலுக்கே செருப்போடு போகிறவள், வெறுங்காலைப் பாவாடைக்குள் மெல்ல இழுத்துக்கொண்டாள்.