எம்லின் நாற்பத்தொன்று

நான் இதுவரை வெளியிட்ட இசைத்தட்டுகள் அனைத்தையும் ஒரே ரொட்டி ட்ரேயில் அடுக்கிவிடலாம். அடுக்கிய பிறகும் ஆறு பன் வைக்க இடமிருக்கும். வைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் தட்டு 'தபால்காரரே, வேண்டாம்'. விற்பனைப் பட்டியலில் இடம் இல்லை. இரண்டாவது 'உன் குடை என்னிடம்தான்'. எழுபத்துநான்காம் இடம். பட்டியலே எழுபத்தைந்தோடு முடிந்துவிடும். எனக்குக் கீழே இருந்தது போன கிறிஸ்துமஸுக்கு வந்த பாட்டு. அது ஏப்ரல் மாதம். அப்புறம் 'ஈரம்' என்று பன்னிரண்டு பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு. ஒரு பத்திரிகை அதைப் பற்றி ஒரே வரி எழுதியது: "தலைப்பு பொருத்தம்."

மூன்றாவது சின்னத் தட்டுதான் இந்தக் கதை. 'மழைக்கு நான் பொறுப்பில்லை'. எல்லாமே மழையாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். கும்ஹெலிக் பள்ளத்தாக்கில் பிறந்தவன் வெயிலைப் பற்றி எழுதினால் அது பாட்டு இல்லை, வதந்தி.

1981 மார்ச். தட்டு வெளிவந்த முதல் வாரமே ஐம்பத்திரண்டாம் இடம். லண்டனிலிருந்து ஜூலியன் போன் செய்தான். இசைத்தட்டுக் கம்பெனியில் என்னைக் கவனித்துக்கொள்வதற்கென்று வைத்திருந்த ஆள். கவனிப்பு என்பது வருடத்துக்கு மூன்று போன்.

"எம்லின், சூப்பர்! அடுத்த செவ்வாக்கிழமை நாப்பதுக்குள்ள வந்துட்டேன்னு வெச்சுக்க, ரெண்டாவது பெரிய தட்டு போடறோம்."

"வரலேன்னா?"

"நாப்பது பேரத்தான ரேடியோல படிக்கறாங்க? படிக்காத பேர நாங்க வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

விடியற்காலையில் ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் பாட்டு எழுதுகிறவன் நான். இரண்டாவது பெரிய தட்டுக்கு ஒன்பது பாட்டுகள் தயாராக இருந்தன. கம்பெனி கைவிட்டால் அந்த ஒன்பதையும் என் வேன் மட்டும்தான் கேட்கும்.

ஆனால் நான் கவலைப்படவில்லை. ஏனென்றால் அந்த வாரம் ரொட்டி போட்ட வீட்டுக்கு வீடு என் பாட்டு கேட்டது. திங்கட்கிழமை மேல்தெருவில் மூன்றாம் வீடு. செவ்வாய் ஐந்தாம் வீடு. புதன் ஏழாம் வீடு. பள்ளத்தாக்கே வாங்கிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வியாழக்கிழமை ஒன்பதாம் வீட்டு வாசலில்தான் காதில் ஒன்று உறுத்தியது. இரண்டாம் சரணத்தில், "கூரை ஒழுகுது" என்ற இடத்தில் ஊசி துள்ளி, "கூரை ஒழுகுது, கூரை ஒழுகுது" என்று மறுபடி பாடிவிட்டுத்தான் மேலே போனது. யோசித்துப் பார்த்தால் ஏழாம் வீட்டிலும் அதே இடத்தில்தான் துள்ளியது. ஐந்தாம் வீட்டிலும்.

கதவைத் தட்டினேன். உள்ளே கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இந்தத் தட்டு யாரோடது?" என்றேன்.

"திருமதி பெவனோடது. பல் டாக்டரப் பாக்கக் கார்டிஃப் போனப்ப வாங்கிட்டு வந்தாங்க. எங்க முறை இன்னைக்கு மட்டும்தான். நல்லாருக்குப்பா! அந்த எடத்துல ரெண்டு தடவ பாடுனியே, அதான் டாப்பு."

திருமதி பெவன் வீட்டுக்கு ஓடினேன்.

"எங்க கேட்டாலும் ஒன் பாட்டுதான் ராசா," என்றார் அவர் பெருமையாக. "நாப்பத்தாறு வீட்டுக்குப் பட்டியல் போட்டு அனுப்பிக்கிட்டு இருக்கேன். ஒருத்தரையும் வாங்க விடல."

"ஏன் விடல?"

"ஒண்ணு இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்கு?"

எங்கள் தெருவுக்கு ஒரே ஏணி. சுவருக்குக் காகிதம் ஒட்டப் பசை தடவ ஒரே மேஜை. சாவு வீட்டுக்கு என்று ஒரே பெரிய தேநீர்க் கெட்டில். ஏணியைப் பகிர்கிறவர்கள் பாட்டைப் பகிர்ந்ததில் தப்பில்லை. ஒரே பாசத்தில் என் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பிற்பகலே மலையைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் ஆபர்வென்னலுக்குப் போனேன். அங்கே இசைத்தட்டுக் கடையில் வேலை பார்ப்பவள் என் அக்கா நெரிஸ். பட்டியல் எப்படித் தயாராகிறது என்பது அவள் மேஜையில்தான் தெரியும். நாடு முழுக்கச் சில நூறு கடைகளில் மட்டும் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். தட்டு ஒன்று விற்றால் நோட்டில் ஒரு கோடு. சனிக்கிழமை ஐந்தரைக்குக் கடை மூடும்போது நோட்டை உறையில் போட்டு அனுப்பிவிட வேண்டும். அந்தக் கோடுகளை வைத்துத்தான் முழு நாட்டுக்கும் பட்டியல். அவள் கடையில் விழும் ஒரு கோடு, வேறிடத்தில் விற்கும் நூறு தட்டுக்குச் சமம்.

"அந்த நோட்டுல எனக்கு எத்தன கோடு?" என்று கேட்டேன்.

"அதச் சொல்லக் கூடாது."

"அக்கான்னு ஒருத்தி இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு இருபது கோடு போட்டா கை உளுக்கிடுமா?"

நெரிஸ் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை நடத்துபவள். ஒன்பதாவது, 'பொய்ச்சாட்சி சொல்லாதே', வந்தால் குரல் தானாக ஏறும்.

"வித்தா கோடு. விக்கலேன்னா கோடு இல்ல. ஆள் கூட்டிட்டு வா, போடறேன். போறப்ப கதவச் சாத்திட்டுப் போ, குளிருது."

ஆள் கூட்டி வருவதா? ஆபர்வென்னலுக்கா? 1958 ரக்பி ஆட்டத்தில் ஆபர்வென்னல்காரன் ஒருவனின் முழங்கை எங்கள் மால்ட்வினின் இரண்டு முன்பற்களைப் பெயர்த்ததிலிருந்து எங்கள் ஆட்கள் அந்த ஊரில் ஒரு தபால் தலைகூட வாங்கியதில்லை.

ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை கிளப்பில் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். எல்லோரும் மால்ட்வினைப் பார்த்தார்கள். அவர்தான் பள்ளத்தாக்கின் பஸ் டிரைவர், அவர்தான் ஆண்கள் பாடகர் குழுவின் நடத்துநர்.

மால்ட்வின் பொய்ப்பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். திரும்ப மாட்டினார்.

"பயலுக்காகப் போவோம்," என்றார். "ஆனா அந்த ஊர்ல ஒருத்தனும் டீ குடிக்கக் கூடாது."

"அப்ப திருமதி பெவன் தட்டு?" என்றது ஒரு குரல். "எங்க முறை இன்னும் வரலையே!"

"டேய், நாளைக்கு நீயே ஒண்ணு வாங்கப் போற, முட்டாள்."

"எங்கிட்ட ரெக்கார்டு பிளேயர் இல்லையே."

"அது எதுக்கு? வாங்கச் சொன்னா வாங்கு."

சனிக்கிழமை உள்ளூர் ரக்பி ஆட்டம் நாலேகாலுக்கு முடிந்தது. நாலரைக்குப் பஸ் கிளம்பியது. முப்பத்தொரு ஆண்கள், திருமதி பெவன், நான். ஆபர்வென்னலுக்கு முப்பத்தைந்து நிமிடப் பயணம். நேரம் தாராளம். இந்த உலகத்தில் எதுவும் எங்களைத் தடுக்க முடியாது, எங்களைத் தவிர.

மலை ஏறும்போது பின்வரிசையில் யாரோ 'மழைக்கு நான் பொறுப்பில்லை' ஆரம்பித்தார்கள். நாலு குரலில், அழகாக. "கூரை ஒழுகுது, கூரை ஒழுகுது" என்று ஊசி துள்ளிய இடத்தையும் விடாமல் பாடினார்கள். கீழ்க்குரல்காரர்கள் மட்டும் அரைத் தாளம் முன்னால் நுழைந்துவிட்டார்கள்.

மால்ட்வின் முகத்தைச் சுளித்தார். இரண்டாம் முறையும் அதே தப்பு. மலை உச்சியில், ஆடுகள் மேயும் இடத்தில், பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"இத வெச்சுக்கிட்டு அந்த ஊருக்குள்ள எறங்குவீங்களா? மானம் போயிரும். கீழ்க்குரல் மட்டும், மறுபடி!"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கை வீசி நடத்த முடியாது அல்லவா, அதனால்தான் நிறுத்தினார். கீழ்க்குரல் பாடியது. மறுபடி. மறுபடி. நியாயமாக நான் எழுந்து, "நேரமாச்சு, வண்டிய எடுங்க" என்று கத்தியிருக்க வேண்டும். எழுந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மேல்குரலும் கொஞ்சம் சுருதி எறங்கி இருக்கு. நான் பாடறேன், அதப் பிடிங்க."

கால் மணி நேரம் பாடினோம். அப்படி ஒரு சத்தத்தை அந்த மலை கேட்டிருக்காது. ஆடுகள் நகர்ந்து போய்விட்டன. என் பாட்டு இத்தனை நல்ல பாட்டு என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அப்புறம் யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இறக்கத்தில் பஸ்ஸைப் பறக்கவிடலாம் என்று பார்த்தால் முன்னால் ஒரு டிராக்டர்.

கடை வாசலில் இறங்கியபோது ஐந்து நாற்பது. கதவில் 'மூடியாயிற்று' பலகை. கண்ணாடிக்குப் பின்னால் நெரிஸ், கோட்டும் தொப்பியுமாக நின்றிருந்தாள். கையில் அந்த உறை. இன்னும் ஒட்டவில்லை.

கதவைத் திறந்தாள். முப்பத்து மூன்று பேர் வாசலில் மூச்சிரைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"விக்கறேன்," என்றாள். "ஆனா கோடு திங்கக்கெழம கணக்குல."

"நெரிஸ்! பத்து நிமிஷம்! நோட்டு ஒங் கையிலதான இருக்கு?"

"கட அஞ்சரைக்கு மூடியாச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

மால்ட்வின் தொப்பியைக் கழற்றினார். "நெரிஸ் கண்ணு, தப்பு எங்க கீழ்க்குரல்மேல. தம்பி என்ன பண்ணுவான்?"

"தம்பி பஸ்ல என்ன பண்ணிட்டு இருந்தான்?"

பொய் சொல்ல வராத முப்பத்திரண்டு பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றி வந்த என் விதியை என்னவென்று சொல்ல?

"மேல்குரலத் திருத்திக்கிட்டு இருந்தான்," என்றார் திருமதி பெவன்.

நெரிஸ் என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்ததா, குளிரா, தெரியாது. என்னைப் பார்த்துக்கொண்டே உறையின் விளிம்பை நாக்கால் ஈரப்படுத்தி, அழுத்தி ஒட்டினாள். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு, முப்பத்திரண்டு தட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாகக் காகிதப் பையில் போட்டு விற்றாள். திருமதி பெவனும் ஒன்று வாங்கிக்கொண்டார், பழையது துள்ளுகிறதாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் மேல்தெருவில் வேனை நிறுத்திவிட்டு ரேடியோவைக் கேட்டேன். வேனைச் சுற்றி அரைத் தெரு நின்றது. நாற்பதாம் இடம் என்று சொல்லி, அறிவிப்பாளர் வேறு ஒருவர் பெயரைப் படித்தார். முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று அவர் மேலே போகப் போகத் தெரு ஒவ்வொருவராகக் கலைந்தது. முதல் இடம் வந்தபோது என்னோடு ரொட்டி மட்டும் இருந்தது.

ஜூலியன் போனில் சொன்னான்: "நாப்பத்தொண்ணு. மயிரிழைல போச்சு எம்லின். ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு கடிதம் வரும்."

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளத்தாக்கில் மொத்தம் ஐந்தாறு குடும்பப் பெயர்தான். அதனால் ஆளுக்கொரு ஒட்டுப் பெயர், வைத்தால் சாகும் வரை. சொந்தக் கல்யாணத்தில் மயங்கி விழுந்தவர் 'மயக்கம் வில்'. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு குதிரை வாங்கி, அன்று மாலையே அது செத்துப்போன ஹவெல், இன்றைக்கும் 'செத்த குதிரை ஹவெல்'. அதன் பிறகு ஏழு குதிரை வளர்த்தார். ஏழும் நன்றாக இருந்தன. பயனில்லை.

அன்று மாலை கிளப்புக்குள் நுழைந்தேன்.

"வாப்பா நாப்பத்தொண்ணு," என்றார் ஹவெல். முகத்தில் நாற்பது வருடத்து ஆறுதல். "ஒக்காரு. ஒனக்கு என்ன வேணும்?"

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் ரேடியோ கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? திருமதி பெவன்தான் ஏப்ரனோடு தெருவில் ஓடி வந்தார். முப்பத்தெட்டாம் இடம்! என் பெயரைப் படித்துவிட்டார்கள்! நெரிஸ் திங்கட்கிழமைப் பக்கத்தில் போட்ட முப்பத்திரண்டு கோடுகளும் லண்டனில் நூறு நூறாகப் பெருகியிருந்தன.

ஜூலியன் வருடத்தின் நான்காவது போனைச் செய்தான். மனதார வாழ்த்தினான். கடிதம் போன வெள்ளியே தபாலில் போய்விட்டதாம், மேலிடம் அதைத் திரும்ப வாங்காதாம். அதற்கடுத்த வாரம் என் பாட்டு பட்டியலிலேயே இல்லை. கடிதமும் பட்டியலும் சேர்ந்து, ஒரே நேரத்தில் வேலை போனவனாகவும் வெற்றி பெற்றவனாகவும் என்னை ஆக்கின.

கிளப்பில் எழுந்து நின்று மனு கொடுத்தேன்: பெயரை முப்பத்தெட்டு என்று மாற்ற வேண்டும்.

"முப்பத்தெட்டா? அது யாரு?" என்றார் மால்ட்வின்.

"நான்தான்!"

"எங்களுக்கு நாப்பத்தொண்ணத்தான் தெரியும். பாவம், நல்ல பய."

ஹவெல் தலையசைத்து ஆமோதித்தார். வாக்கெடுப்பில் எனக்கு ஒரு வாக்கு, என்னுடையது.

அந்த வாரக் கடைசியில் நெரிஸ் வீட்டுக்குப் போனேன். அச்சடித்த பட்டியலை எனக்காக மடித்து வைத்திருந்தாள். முப்பத்தெட்டுக்கு எதிரே என் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல்.

"கோவமா?" என்றாள் தேநீரைக் கலக்கிக்கொண்டே.

"இல்ல. அந்தச் சனிக்கெழம நீ போட்டிருந்தா, இதப் பாக்கறப்பெல்லாம் எனக்கு ஒன் பொய்க் கோடுதான் ஞாபகம் வந்திருக்கும். இப்ப இது என்னோடது."

"அந்த உறைலயும் ஒனக்கு ஒரு கோடு இருந்துச்சு."

"ஒண்ணா? யாரு வாங்குனா?"

"யாரோ. நீ கடைக்கு வந்துட்டுப் போன வியாழக்கெழம சாயங்காலம். பால் ஊத்தட்டா?"

ஜாடிக்காக அவள் உள்ளே போனபோது கணப்படுப்பு மேலிருந்த கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு காகிதப் பை தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது நான்தான், உறை பிரிக்கவில்லை. பாட்டை அவள் கடையிலேயே கேட்டிருப்பாள்.

பையை இருந்தபடியே வைத்துவிட்டேன்.

கிளப்பில் இன்றும் சனிக்கிழமைகளில் அந்தப் பாட்டைப் பாடச் சொல்கிறார்கள். "கூரை ஒழுகுது" வந்ததும் நானும் இரண்டு முறை பாடிவிட்டுத்தான் மேலே போகிறேன். ஒருமுறை மட்டும் பாடினேன் ஒருநாள், எழுதியபடி. பின்வரிசையில் ஹவெல் பக்கத்து ஆளிடம் சொன்னது மேடைக்கே கேட்டது:

"நாப்பத்தொண்ணுக்கு வயசாயிருச்சுடா. பாட்டையே மறந்துட்டான்."