குப்பைக்கு ஒரு பட்டி

சாம்பல், சாணி, கிழங்குத்தோல் எல்லாம் எருக்குழிக்குப் போகும். எருக்குழி வயலுக்குப் போகும். அதற்குமேல் ஒரு வீட்டில் மிஞ்ச என்ன இருக்கிறது? அர்த்தனாரிக் கவுண்டருக்குக் குப்பைக்கணக்கு அவ்வளவுதான். அப்புறம் எண்ணெய்க் கவரும் ஷாம்பு பொட்டலமும் பஸ் ஏறி மலைக்கு வந்தன. அவற்றைப் பிரிக்கக் கற்றுக்கொடுக்க, பின்னாலேயே பேன்ட் போட்ட ஆட்களும் வந்தார்கள்.

மக்குவதை எருக்குழியில் போடு, மக்காததைக் கழுவிக் காயவைத்து மூட்டை கட்டு, டிராக்டர் வந்து எடுக்கும், கீழே உருக்கி நாற்காலி செய்வோம் என்றார்கள். ஊரே தலையாட்டியது. கவுண்டரின் மருமகள் கலைச்செல்வி எல்லாரையும்விட வேகமாக ஆட்டினாள். எண்ணெய்க் கவரைச் சோப்புப் போட்டு அலசித் துணிக்கொடியில் தொங்கவிட்டாள்.

"குடிக்கிற தண்ணியில கவரக் குளிப்பாட்டுறியே, அப்படியே சாம்பிராணிப் பொகையும் போட்டு உடு," என்றார் கவுண்டர்.

"பள்ளத்துல கொட்டுனா மண்ணு கெட்டுரும் மாமா. குடுத்தா நாலு பேருக்காவது ஆவும்."

"ஆவும், ஆவும். சிரிச்சுக்கிட்டு ஓசியில ஒருத்தன் உன்ற வேலையச் செய்ய வந்தான்னா, அவன் பையில என்ன இருக்குதுன்னு பாரு கண்ணு."

கிழங்கு மூட்டை லாரியில் ஜவ்வரிசி மில்லுக்குப் போகும்போது, வீட்டுக்கு ஒரு நிறத் துணி கிழித்து மூட்டை வாயில் கட்டுவது வழக்கம். காலிச் சாக்கு திரும்பி வரும்போது யாருடையது என்று சண்டை வரக்கூடாதல்லவா? குப்பை மூட்டைக்கும் பெண்கள் அதே துணியைக் கட்டி அனுப்பினார்கள். அப்படிக் கட்டச் சொன்னது யாருமில்லை. வீட்டை விட்டுப் போகிற சாக்கு வீட்டுக்கு வரும் என்று ஒரு நினைப்பு. போன சாக்கு ஒன்றுகூட வரவில்லை. அதைக் கேட்கவும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஆடி மழை பிடித்தது. கவுண்டர் நாற்று விட்டிருந்தது, மழைத்தண்ணி ஓடி வருகிற பள்ளத்துக்குக் கீழ் வயலில். இருந்த விதைநெல்லை எல்லாம் அதில்தான் கொட்டியிருந்தார். நாற்று போனால் அந்த வருஷம் வயல் தரிசுதான். மூன்றாம் நாள் விடிந்து பார்த்தால் நாற்றங்கால் குளமாக நின்றது. தண்ணீர் வடிகிற மடை அடைத்துக் கிடந்தது. குனிந்து கையை விட்டு இழுத்தார். ஒரு மூட்டை வந்தது, வாயில் நீலத்துணி. ஊர்க்கவுண்டர் குப்புசாமி வீட்டு அடையாளம். இன்னொன்றில் பச்சை, ராமாயி வீடு. அதற்கும் அடியில் மஞ்சள்துணி.

"சீ!" என்று துப்பினார். அது அவர் வீட்டு மூட்டை.

தண்ணீர் வடிந்தது. நாற்றில் பாதி சேற்றில் படுத்து அழுகியிருந்தது.

மூட்டைகளை இழுத்துக்கொண்டு போய், பயிரை மேய்ந்த மாட்டைக் கட்டுகிற ஊர்ப்பட்டியில் தள்ளிப் படலைச் சாத்தினார். நேரே ரோட்டுக்கு ஏறி, டிராக்டரை மறித்து நின்றார். ஓட்டிவந்த செல்வம் இறங்கினான்.

"ஏண்டா, நாற்காலியெல்லாம் என்ற வயல்லதான் செய்யறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க ஐயா. இரும்பு, பாட்டில்னா காயலாங்கடைக்காரரு எடுத்துக்கறாருங்க. கவருக்குன்னு லாரி மலையேற மாட்டேங்குது. டீசலுக்கே கட்டாதாமுங்க. அதான் பள்ளத்துல..."

"அப்பறம் எந்த மயித்துக்குடா கழுவச் சொன்னீங்க?"

"கழுவச் சொன்னதும் அவிங்கதான், கொட்டச் சொன்னதும் அவிங்கதானுங்க. நான் வண்டி ஓட்டுறவன்."

சாயங்காலம் பட்டிக்கு முன்னால் ஊர் கூடியது. மாடு மேய்ந்தால் மாட்டுக்காரன் நட்டத்துக்கு நாற்றுக் கொடுத்து மீட்டுக்கொண்டு போக வேண்டும். அதே தீர்ப்பை மூட்டைக்கும் சொல்லச் சொல்லி ஊர்க்கவுண்டரைக் கேட்டார் அர்த்தனாரி.

"மூட்டைக்கு வாயேதுங்க மேய?" என்று ராமாயி சிரித்தாள்.

"என்ற நாத்தங்கால்ல வந்து பாரு, வாயிருக்குதா இல்லையான்னு தெரியும்."

"அப்ப அந்த மஞ்சத்துணி எந்த ஊட்டு மாடுங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கலைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

குப்புசாமி தன் நீலத்துணியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "துணி யாருதோ மூட்டை அவிங்களுது. நாத்து எல்லாருஞ் சேந்து குடுக்கறது. அர்த்தனாரி, உன்ற மூட்டைய நீதான் தூக்கோணும். இனி எவனும் இதைப் பள்ளத்துக்கு அனுப்பக்கூடாது. அவனவன் ஊட்டுப் பரண்ல, அட்டாலியிலயே கெடக்கட்டும்."

"அட்டாலி ரொம்பிப் போச்சுன்னா?" என்றாள் கலைச்செல்வி.

"ரொம்பட்டும். அப்பவாச்சும் வாங்கறதுக்கு முன்னாடி யோசிப்பீங்க."

ஈரம் சொட்டுகிற மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் கவுண்டர் நடந்தார். கழுத்து வழியே சேற்றுத்தண்ணீர் ஓடியது. கலைச்செல்வி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை.

நடவு நாளன்று டிராக்டர் வந்து ரோட்டில் நின்றது. செல்வம் ஹாரனை அமுக்கினான். எந்த வீட்டிலிருந்தும் எவரும் வரவில்லை. மறுபடி அமுக்கினான். வயலில் குனிந்திருந்த கவுண்டர் நிமிரவில்லை. குப்புசாமி கொடுத்த நாற்று நோஞ்சானாக இருந்தது.

"நல்லதைத் தனக்கு வெச்சுக்கிட்டான் திருட்டுப்பய," என்று திட்டிக்கொண்டே அதை ஊன்றினார்.