அறுபது பாடம், ஐந்து நொடி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என் வீட்டுக்காரர் மெக்கானிக். நான் அங்கேயே படுக்கைவிரிப்பு மடிக்கிறேன். ஸ்பானர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். எந்த மெஷின் மக்கர் செய்தாலும் பத்தே நிமிடத்தில் ஓட வைத்துவிடுவார். மெஷினுக்கு அடியில் படுத்துப் படுத்து எழுந்ததில் முட்டி இரண்டும் போய்விட்டன. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் நாற்காலி காலியானது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. நேர்காணல் மட்டும் இங்கிலீஷில்.

"சும்மா பேசினா பத்தாது. இலக்கணம் சுத்தமா இருக்கணும்" என்று, உயர்நிலை இங்கிலீஷ் இலக்கணத்தின் அறுபது ஒலிப்பாடங்களைப் போனில் இறக்கிக்கொண்டார். புத்தகமே வேண்டாமாம், காதே போதுமாம். குரல் ஒரு வாக்கியம் சொல்லும். பிறகு ஐந்து நொடி சும்மா இருக்கும். அதற்குள் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் அந்தக் குரல்காரனோடுதான் குடித்தனம் நடத்தினேன். குளியலறையில் அவன், சமையலறையில் அவன். "உப்பு போதுமா?" என்று நான் கேட்டால் விரலை உயர்த்தி அடக்குவார். அவனுக்கு மட்டும் உடனே பதில். பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போது மனசு இளகிவிடும்.

நேர்காணல் முடிந்து வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"மானம் போச்சு. கேள்வி கேட்டாங்க. அவங்க நிறுத்தினதும் என் வாய் தானா அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்லிடுச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோரு கேள்வி!"

"பதில்?"

"பதில் பாடத்துலயே இல்லையே."

அன்று இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. வேலை அவருக்குத்தான்! மற்றவர்கள் எல்லாம் குறுக்கே குறுக்கே யோசனை சொன்னார்களாம். பெரியவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டு, அதையே பிசகாமல் அழகான இலக்கணத்தில் சொன்னவர் இவர் ஒருவர்தானாம். நிர்வாகத்துக்கென்றே பிறந்தவராம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. எப்படியோ, முட்டி பிழைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் மூன்றாம் நம்பர் மெஷின் ஒழுக ஆரம்பித்தது. புது மெக்கானிக்கை இன்னும் எடுக்கவில்லை. வீட்டுக்காரரின் கண்ணாடி அறைக்குப் போய் நின்றேன்.

"மூணாம் நம்பர் ஒழுகுதுங்க. சோப்புத் தண்ணியிலதான் நிக்கிறோம்."

பேனாவைக் கீழே வைத்தார். ஐந்து நொடிதான். நான் சொன்னதை அப்படியே, துளிப் பிழையில்லாத இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். பிறகு அடுத்த கோப்பைப் பிரித்தார்.

நேற்று அவருடைய பழைய ஸ்பானரை எடுத்துக்கொண்டு நானே மெஷினுக்கு அடியில் படுத்தேன். ஒழுகல் நின்றது. எழுந்தபோது என் முட்டியில் சுருக்கென்றது. நல்லவேளை, தைலப் புட்டியில் இன்னும் பாதி இருக்கிறது.